அடக்கச் சொன்னவர்கள் நாம்தாம்

மலம், சிறுநீர் பற்றிப் பேசுவதை நாகரிகக் குறைவாகக் கருதும் வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம்முடைய ஃபிக்ஹு நூல்களில் பெரும்பாலானவை தூய்மைப் பாடத்தைக் கொண்டே தொடங்குகின்றன. வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய செய்தியன்று இது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸா விடுதியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். இனிய குரல்; ஓதுவதிலும் கெட்டிக்காரன். மூன்று மாதம் கழிவதற்குள் அவன் உடையில் அடிக்கடி மலக்கசிவு காணப்பட்டது. உடன் ஓதும் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினர். வயிற்றுப்போக்கு என்றெண்ணிக் கஞ்சியும் மாதுளைத் தோல் கஷாயமும் கொடுத்தோம், நிற்கவில்லை. சோம்பலால் செய்கிறான் என முடிவு கட்டி, எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டவன் நானே. அவனுடைய உம்மா வந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்ற பிறகே உண்மை விளங்கிற்று. அவனுக்கு இருந்தது கடுமையான மலச்சிக்கல்!

அஃதெப்படி என்று நீங்கள் வியக்கலாம். நானும் வியந்தேன். பெருங்குடலின் முக்கிய வேலை கழிவிலுள்ள நீரை உறிஞ்சுவது. மலக்குடலுக்குள் மலம் வந்ததும் போக வேண்டும் என்ற உணர்வு எழுகிறது. அதை அடக்கினால் உணர்வு சற்று நேரத்தில் தணிந்துவிடும். மலமோ அங்கேயே தங்கி, நீர் மேலும் உறிஞ்சப்பட்டு இறுகும். மறுமுறை போகும்போது வலிக்கும். வலிக்கு அஞ்சிய குழந்தை மீண்டும் அடக்கும். நாளடைவில் மலக்குடல் விரிந்து உணர்வே மழுங்கிவிடுகிறது. இறுகிய கட்டிக்கு மேலே நிற்கும் இளகிய மலம், கட்டியைச் சுற்றி வழிந்து தானாகக் கசிகிறது. குழந்தைக்கே அது தெரியாது. பிரம்பால் இதை நிறுத்த முடியுமா?

அவன் ஏன் அடக்கினான்? அறுபது பிள்ளைகளுக்கு நான்கு கழிப்பறைகள். இரண்டில் தாழ்ப்பாள் இல்லை. சுப்ஹுக்கு முன் நீண்ட வரிசை. உணவு உண்டபின், அதிலும் காலைப் பசியாறிய பின், பெருங்குடலின் அசைவு இயல்பாகவே மிகும். அந்த நேரத்தில்தான் எங்கள் பாடம் தொடங்கும். எழுந்து போக அனுமதி கேட்டால் உஸ்தாதின் முறைப்பு. மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் என்று கற்பிக்கும் நாங்களே, பாடம் முடியும்வரை அடக்கிக்கொள் என்றோம்.

மருத்துவர் முதலில் கட்டியை இளக்கி வெளியேற்றினார். பின்னர் லாக்டுலோஸ் என்னும் மலமிளக்கியைப் பல மாதங்கள் தொடரச் சொன்னார். சற்றுக் குணம் கண்டதும் மருந்தை நிறுத்திவிடுவது பெற்றோர் பலர் செய்யும் தவறு. விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்பக் காலம் வேண்டும். உணவுக்குப் பின் 5 முதல் 10 நிமிடம் அவசரமின்றி உட்காரப் பழக்க வேண்டும். மேலைநாட்டு இருக்கையானால் பாதங்களுக்குக் கீழே சிறு பலகை வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்திருக்கச் செய்க. அவன் தேறினான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றான், தலையை நிமிர்த்தவில்லை. இப்போது வகுப்பில் யாரும் அனுமதி கேட்பதில்லை. கையைக் காட்டிவிட்டுப் போகலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். நாள்தோறும் போகாவிட்டால் நோய் என்பதில்லை. வாரத்தில் 3 முறைக்கும் குறைவாகப் போவதும், முக்கி வருந்துவதும்தான் கவனிக்க வேண்டியவை. கீரை, கொய்யா, பயறு வகைகளைக் கூட்டுங்கள். ரமளானில் வடையும் சமோசாவும் தின்று தண்ணீரை மறந்துவிடுகிறோம். இஃப்தார் முதல் ஸஹர் வரை பகிர்ந்து பருகுங்கள். இசப்கோல் உமியை நிறையத் தண்ணீருடனேயே உட்கொள்ள வேண்டும். ஹதீஸ் நூல்களில் 'ஸனா' எனப்படும் நிலாவாரை, திருநெல்வேலியின் பெயராலேயே உலகச் சந்தையில் விலைபோகும் நல்ல மூலிகை. எனினும் மருத்துவரைக் கேளாமல் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையாலும் சிக்கல் வரும். அதைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லட்டும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாய்த் தோன்றும் சிக்கல் இவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள். வயிறு உப்பி, வாந்தியுடன் வாயுவும் பிரியாவிட்டால் பேதி மருந்து எதுவும் கொடுக்காமல் அன்றே, அந்நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.