உதிர வேண்டிய காரை

தமிழகத்தின் பழைய செங்கல் கட்டடங்களைப் பிணைத்து நிற்கும் சாந்தில் அடிப்படைப் பொருள்கள் மூன்றுதான்: சுண்ணாம்பு, மணல், தண்ணீர். கடுக்காயும் வெல்லமும் முட்டையும் அதன்மேல் சேர்பவை. பேச்சில் மட்டும் அவைதான் முதலில் வருகின்றன.

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். தூய கல் 100 கிலோவுக்குச் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ மிஞ்சும். தண்ணீர் விட்டு நீற்றினால் அது கொதித்துப் பொங்கி, 18 கிலோ நீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவருக்குப் போன பிறகு, இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல வாங்கி மறுபடி கல்லாகிறது. இந்த இறுக்கம் மேற்பரப்பில் தொடங்கி உள்ளே நகரும். சுவர் வறண்டு போனாலும் நின்றுவிடும், நீரில் ஊறிக் கிடந்தாலும் நின்றுவிடும். தடித்த சுவர்களின் நடுவே நூறு ஆண்டு கழித்தும் கல்லாகாத சுண்ணாம்பு அகப்படுவது இதனால்தான்.

தண்ணீரில் நிற்க வேண்டிய கட்டுமானத்துக்கு இந்தச் சுண்ணாம்பு போதாது. அங்கே சுட்ட களிமண்ணின் பொடியான சுர்க்கி சேர்க்கப்பட்டது. அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிவதால், காற்றை எதிர்பாராமலே சாந்து இறுகும். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு-சுர்க்கிக் கட்டுமானம்தான். ரோமானியர் இதே வேலைக்கு எரிமலைச் சாம்பலைப் பயன்படுத்தினார்கள்.

இனி, கடுக்காய். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கத் தெளிப்பது கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீர். சர்க்கரை சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரைய வைக்கும். அதனால் சாந்து நெகிழ்ந்து கொடுக்கும், இறுகுவது தாமதமாகும், அடிக்க அவகாசம் கிடைக்கும். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் குறைந்த நீரிலேயே சாந்தைக் குழைய வைக்க உதவும். செட்டிநாட்டுச் சுவர்களின் கண்ணாடி வழவழப்புக்கு முட்டை வெள்ளைக்கரு காரணம் என்பதும் பாதிதான் சரி. அது பெரும்பாலும் கடைசி மெல்லிய பூச்சுக்கானது. பளபளப்பின் பெரும்பங்கு நன்றாக நீறிய சுண்ணாம்புக்கும், மைபோல அரைத்த அரைப்புக்கும், கூழாங்கல்லால் விடாமல் தேய்த்த கைக்கும் உரியது. முட்டைக்குக் கிடைத்த புகழ் அந்தக் கைக்குக் கிடைக்கவில்லை.

பழைய கட்டடம் கெடும் விதத்தில் முதலிடம் உப்புக்கு. நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும்போது உப்பையும் கரைத்து ஏற்றிவிடும். கடலோரமாக இருந்தால் காற்றே உப்பைக் கொண்டுவந்து பூசிவிடும். நீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே உப்பு படிகமாகிப் பருக்கும். பருத்தால் துளையின் சுவர் பிளக்கும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, துளைகள் மிகுந்தது. ஆவியாதல் அதன் வழியே நடக்க, உப்பும் அங்கேயே பூத்து, காரை பொரிந்து உதிரும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். தன்னைக் கொடுத்துச் சுவரைக் காப்பதுதான் காரையின் வேலை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சும், ஆண்டுதோறும் வெள்ளையடிப்பும் இந்தக் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்தவை. பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்த வீட்டார் அதைப் பராமரிப்பு என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது சிமென்ட். போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது 1824இல். இந்தியாவில் 1904இல் சென்னையில் ஒரு முயற்சி நடந்தது. 1914இல் போர்பந்தரில் உற்பத்தி நிலைபெற்றது. புதிய கட்டடத்துக்கு அது தந்த வலிமையில் சந்தேகமில்லை. பழைய சுவரில் அந்த வலிமையே கேடு. சிமென்ட் பூச்சு அடர்த்தியானது; ஈரம் அதன் வழியே வெளியேறாது. வழி தேடி அது இன்னும் உயரமாக ஏறும், அல்லது பூச்சுக்குப் பின்னால் செங்கல்லிலேயே ஆவியாகும். இப்போது உப்பு தின்பது செங்கல்லை. மேலே பூச்சு கெட்டியாக, அழகாக நிற்க, உள்ளே செங்கல் மாவாகும். தட்டினால் ‘டொக்’கென்று கேட்கும் வரை யாருக்கும் தெரியாது. இது போதாதென்று சிமென்டில் கரையும் காரச் சல்பேட்டுகளும் இருப்பதால், இல்லாத உப்பும் சுவருக்குள் போகிறது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் சுவரோடு சேர்ந்து அசையவும் அதற்குத் தெரியாது; விளிம்பில் வெடிக்கும், வெடிப்பில் மழைநீர் இறங்கும், இறங்கிய நீர் திரும்பாது.

கோபுரச் சுதைச் சிற்பங்களுக்கும் இதே கதிதான். செங்கல்மேல் சுண்ணாம்பால் உருவாக்கிய மேனியில் உடைந்த கையைச் சிமென்டால் ஒட்டி, மேலே எனாமல் பெயின்ட் அடித்தால் குடமுழுக்கு அன்று எல்லாம் புத்தம் புதிது. அடுத்த சில மழைக்காலங்களில் பெயின்ட் கொப்புளித்து, சுதையையும் பிய்த்துக்கொண்டு விழும். செலவு செய்து விரைவுபடுத்திய சிதைவு என்றே இதைச் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, காய நாளாகிறது, ஒப்பந்தக் கெடு காத்திருக்காது, ஆகவே கொஞ்சம் சிமென்ட் கலந்தால் தவறில்லை என்று வாதிடும் பொறியாளர்களும் உண்டு. அந்தக் ‘கொஞ்சம்’ வேலைத்தளத்தில் எந்த அளவில் நிற்கும் என்பதற்குத்தான் பதில் இல்லை.

முறையான பழுதுபார்ப்பு பழைய சாந்தைப் படிப்பதில் தொடங்கும். ஒரு துண்டை நீர்த்த அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் அடியில் தங்கும். அதன் நிறம், பருமன், விகிதம் தெரிந்துவிடும். கிளிஞ்சல் துணுக்குகள் கலந்த சாந்தில் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் அவையும் சேர்ந்து கரைந்துவிடும். அதற்கு மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கட்டடச் சுண்ணாம்பை வகைப்படுத்தும் இந்தியத் தரவிதி ஐஎஸ் 712 இருக்கிறது. எடுத்துப் பார்ப்பவர் குறைவு.

பூசும் முன் ஈரத்தின் மூலத்தை அடைக்க வேண்டும். ஒழுகும் தூம்பைச் சரிசெய்யாமல் எந்தக் காரையும் நிற்காது. பிறகு இடுக்குகளைச் சுரண்டி, சுவரை நனைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச்சாக்கு போர்த்திப் பல நாள் காக்க வேண்டும். ஏற்கெனவே ஏறிவிட்ட சிமென்டை எடுப்பதுதான் இருப்பதிலேயே சிக்கலான வேலை. இயந்திரச் சுத்தியல் ஆகாது. சிற்றுளியால் கையளவு இடத்தில் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். பூச்சு மட்டும் பெயர்ந்தால் தொடரலாம். செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்தால் அந்த இடத்தில் சிமென்டை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் சுண்ணாம்புப் பூச்சால் ஈரத்துக்கு வேறு வழி திறந்துவிடுவார்கள்.