கோழியின் தீனிப்பை அடைத்துக்கொண்டால்

மொட்டை மாடியிலோ கொல்லையிலோ இரண்டு மூன்று கோழிகள் வளர்க்கும் குடும்பங்கள் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இன்றும் உண்டு. கோழியின் கழுத்தடி புடைத்திருந்தால், வயிறார மேய்ந்திருக்கிறது என்றே நினைப்போம். ஆனால் அந்தக் கோழி பட்டினியால் மெலிந்துகொண்டிருக்கலாம்.

கோழிக்குப் பல் கிடையாது. விழுங்கிய தீனி கழுத்தடியில், நெஞ்சின் வலப்பக்கம் உள்ள தீனிப்பையில் தங்கி ஊறும். பிறகு இரைப்பைக்குப் போய், அங்கிருந்து கல்குடலில் அரைபடும். நீளமான புல், தேங்காய் நார், பூ கட்டும் நூல், பிளாஸ்டிக் துண்டு போன்றவை தீனிப்பையில் சிக்கிப் பந்தாகத் திரண்டால் வழி அடைபடும். அதன்பின் எவ்வளவு தின்றாலும் உடம்பில் சேராது.

கண்டறிவது எப்படி?

இரவில் தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். பஜ்ர் தொழுகை முடிந்ததும், தீனி வைக்கும் முன் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நலமான கோழிக்கு அது காலியாக இருக்கும். பிசைந்த மாவைப் போலவோ பந்தைப் போலவோ கெட்டியாக இருந்தால் அடைப்பு. தளதளவென்று நீர் கோத்து, வாயில் புளித்த வாடை வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

செய்ய வேண்டியவை

1. கோழியைத் தனியே வையுங்கள். தானியம், சோறு, கீரை எதுவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் வையுங்கள்.

2. கோழியை நிமிர்ந்த நிலையில் பிடித்து, தீனிப்பையை விரல்களால் மெதுவாகச் சில நிமிடம் பிசைந்துவிடுங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். வலியில் துடித்தால் நிறுத்திவிடுங்கள்.

3. ஒரு நாளில் இளகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வேப்பேரியில், 1903-ல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தேவைப்பட்டால் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, பையைத் திறந்து அடைப்பை எடுத்துத் தையல் போடுவார்.

செய்யக் கூடாதவை

கோழியைத் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் நொடியில் உயிர் போய்விடும். எண்ணெயை வாயில் பலவந்தமாக ஊற்றுவதிலும் இதே ஆபத்து உண்டு. வீட்டில் பிளேடால் கீறிப் பார்ப்பது அந்த வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கொடுமை.

மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் சாப்பிடக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோழி கழுத்தைத் திருகிக்கொண்டாலோ பச்சையாகக் கழிந்தாலோ அது வெறும் அடைப்பாக இருக்காது. மற்ற கோழிகளிடமிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

வராமல் காக்க

கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். மாடியில் வளரும் கோழிக்குக் கல் பொறுக்க மண் இல்லை. ஒரு கிண்ணத்தில் பருமணலும் பொடிக்கல்லும் வையுங்கள். கிளிஞ்சல் தூள் முட்டை ஓட்டுக்கு நல்லது. ஆனால் வயிற்றில் கரைந்துவிடுவதால் கல்லின் வேலையைச் செய்யாது. நூல், நார், ரப்பர் பேண்டு ஆகியவற்றைப் பெருக்கி எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கோழியைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.