பின்னப் பின்னக் கம்பி விறைப்பது ஏன்?

மணிகளை முதலிலேயே கோத்துவைத்து, கண்ணிக்கு ஒன்றாக நகர்த்திப் பின்னப்படும் 0.3 மி.மீ. செப்புக் கம்பி, முதல் வளைவில் நூல்போல் இணங்கினாலும், பிரித்துப் பிரித்து வளைக்கும்போது முரண்டு பிடித்து, இறுதியில் பட்டென்று ஒடிவது ஏன்?

உலோகத்தில் அடுக்கடுக்காக அமைந்த அணுக்களிடையே ஆங்காங்கே உள்ள குலைவுகள், அதாவது வரிசை தப்பிய இடங்கள், நகர்வதாலேயே கம்பி வளைகிறது. விரித்த ஜமுக்காளத்தை முழுதாக இழுப்பதைவிட, ஒரு சுருக்கத்தை எழுப்பி மறுமுனைவரை தள்ளுவது எளிதல்லவா? பல திசைகளிலிருந்தும் தள்ளிப் பாருங்கள்: சுருக்கங்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும்.

ஒவ்வொரு வளைவும் குலைவுகளைப் பெருக்குவதால் கம்பிக்கும் இதே நெருக்கடி நேர்கிறது. பின்னிய காப்பு வடிவம் மாறாமல் நிற்பதும் ஓரளவு இதனாலேதான்.

சூடேற்றினால் கம்பி மீண்டும் மென்மையாகும் என்றாலும், கோத்த கண்ணாடி மணிகள் விரிசல் விடக்கூடும் என்பதால், தவறிய கண்ணியைத் திரும்பத் திரும்பப் பிரிக்காதீர்கள்.