குடிநீரும் குளிர்நீரும்: வடிகட்டியும் கூலரும் வாங்குமுன் அறிய வேண்டியவை

கரிசற்காட்டில் வாழ்வோர்க்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குண்டாறு மழை நாளில் சில காலம் ஓடிப் பின்னர் வெறும் மணலாய்க் கிடப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அருப்புக்கோட்டை நகருக்கு வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் நெடுந்தொலைவு குழாய் வழியே நீர் கொண்டுவரப்படுகிறது. திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்களில் குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், ஊருணி நீர், விலைக்கு வாங்கும் நீர் ஆகிய யாவும் பயன்படுகின்றன. இவ்வாறு அரிதிற் கிடைக்கும் நீரைச் சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் அங்கத்தினர்க்கு வழங்க வேண்டுமென்று சங்கங்கள் விரும்புவது இயல்பே. கோடையில் நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர்க்கும், பருத்தி மூட்டை சுமந்து வருபவர்க்கும் இது ஆடம்பரமன்று; உடல் நலத்திற்கு இன்றியமையாதது.

ஆயினும், வடிகட்டியும் வாட்டர் கூலரும் பொதுப்பணத்தில் வாங்கப்படும் பொருள்கள். விற்பனையாளர் சொல்லை மட்டும் நம்பி வாங்கினால் பணமும் வீணாகும், நீரும் வீணாகும்; சில வேளை நோயும் வந்து சேரும். ஆகவே எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன், நம் நீரில் என்ன இருக்கிறது என்று கேட்பதே முறையாகும்.

நீரில் கலந்திருப்பவை

குடிநீரைக் கெடுப்பவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது கலங்கல்: மண், தூசி, பாசி முதலியன. இது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது கிருமி. தெளிந்த நீரிலும் இது இருக்கக்கூடும். வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு ஆகியவை இதனால் வருவன. மூன்றாவது கரைந்துள்ள உப்புக்கள். சாயமிடும் நெசவாளர்க்கு இவ்வுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காமலும், நூலில் சாயம் திட்டுத்திட்டாகவும் பிடித்தால், அந்நீர் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீர் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுவே.

இம்மூன்றையும் ஒருங்கே போக்கும் எளிய வழி இல்லை. தேற்றாங்கொட்டையைப் பானையினுள் தேய்த்துக் கலங்கலைத் தெளிய வைத்தனர் நம் முன்னோர். அது கலங்கலுக்கு நல்ல மருந்து. ஆனால் கிருமியை முற்றும் நீக்காது. நீரைக் குமிழியிட்டுக் கொதிக்க வைத்தால் கிருமி மடியும். உப்போ பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஊருணி நீருக்கு வேண்டியது வேறு, ஆழ்துளைக் கிணற்று நீருக்கு வேண்டியது வேறு என்பது இதனால் விளங்கும்.

முதலில் சோதனை

இந்தியக் குடிநீர்த் தரமாகிய ஐ.எஸ். 10500, 2012இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி ஒரு லிட்டர் நீரில் கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராமுக்கு உட்பட்டிருத்தல் நலம். வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். கடினத்தன்மை 200க்குள் இருத்தல் நலம். வேறு வழியில்லையேல் 600 வரை ஏற்கலாம். புளோரைடு 1 மில்லிகிராம் இருக்கலாம், 1.5க்கு மேற்படலாகாது. நைட்ரேட் 45ஐத் தாண்டலாகாது. மலக்கிருமியோ 100 மில்லிலிட்டரில் ஒன்றும் காணப்படலாகாது.

புளோரைடும் நைட்ரேட்டும் நாவுக்கும் கண்ணுக்கும் புலப்படாதவை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் புளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டமையாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் தொடங்கியது. உரமிட்ட வயலுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அருகிலுள்ள கிணறுகளில் நைட்ரேட் மிகுதல் கூடும். இது கைக்குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு. ஆகவே சங்கக் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் கொடுத்து அறிக்கை பெறுதலே முதற் செலவாக இருத்தல் வேண்டும். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் சோதிப்பது சிறப்பு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். விற்பனையாளர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர், நீரில் மின்சாரம் பாய்வதைக் கொண்டு உப்பின் மொத்த அளவை மட்டும் மதிப்பிடும் கருவி. கிருமி உண்டா, புளோரைடு உண்டா என்பதை அது சொல்லாது. அதில் 150 என்று காட்டும் நீரிலும் காலராக் கிருமி இருக்கலாம்.

மற்றொன்று, இரண்டு கம்பிகளை நீரில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்திக் காட்டும் வேடிக்கை. குழாய் நீர் சில நொடியில் செம்பழுப்பாகிக் குழம்பும். அவர் கொண்டுவந்த நீர் தெளிந்தே நிற்கும். பார்ப்போர் திடுக்கிடுவர். உண்மையில் அந்நிறம் நீரிலிருந்த அழுக்கன்று. மின்சாரத்தால் கரைந்த இரும்புக் கம்பியே அது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் எளிதிற் பாயாதாகையால் அங்கே கம்பி கரைவதில்லை. இதைக் கண்டு கருவி வாங்க வேண்டா.

வடிகட்டி வகைகள்

மணல் வடிகட்டி: மெல்ல இறங்கும் மணற் படுகையின் மேற்புறத்தில் நுண்ணுயிர்கள் ஒரு தோல் போலப் படர்ந்து, நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியை நீக்கிவிடுகின்றன. 1892இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் வழங்கியது. அங்கே காலராவால் 8,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆற்று நீரை மணலில் வடித்து வழங்கிய அண்டை நகரமாகிய ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஊருணி நீரைப் பயன்படுத்தும் ஊர்களுக்கு இம்முறை இன்றும் ஏற்றதே.

கேண்டில் வடிகட்டி: சுட்ட மண்ணாலான திரியின் நுண்துளை வழியே நீர் கசியும். கலங்கலும் பெரும்பாலான கிருமிகளும் தங்கிவிடும். மின்சாரம் வேண்டா. திரியை அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டும். கீறல் விழுந்த திரியை எறிந்துவிட வேண்டும்.

கரி வடிகட்டி: பக்குவம் செய்த கரி, குளோரின் வாடையையும் நிறத்தையும் பூச்சிமருந்து போன்ற சில வேதிப்பொருள்களையும் பற்றிக்கொள்ளும். உப்பைத் தொடாது. குளோரினை நீக்கிவிடுவதால் அதன்பின் நீருக்குக் காவல் இல்லை என்பதை நினைவிற் கொள்க.

யு.வி.: புற ஊதா ஒளியால் கிருமியைச் செயலிழக்கச் செய்வது. நீர் தெளிந்திருந்தால்தான் ஒளி ஊடுருவும். தொடர்ந்து எரியும் விளக்கை ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை மாற்றவேண்டும். விளக்கு எரிவது போலத் தோன்றினும் அதன் ஆற்றல் குன்றியிருக்கும்.

யு.எஃப்.: உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகளின் சுவரில் ஒரு மைக்ரானின் நூற்றில் ஒரு பங்கு அளவான துளைகள் உள்ளன. பாக்டீரியா இவற்றிற் புகமுடியாது. மேல்தொட்டியின் அழுத்தமே பல இடங்களில் போதுமாகையால் மின்சாரம் தேவைப்படாது, உப்பு நீங்காது.

ஆர்.ஓ.: கரைந்த உப்பையும் பிரிக்கும் சவ்வு முறை. இதற்குப் பயன்படும் சவ்வை அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960ஐ ஒட்டி உருவாக்கிய இருவருள் ஒருவர் இந்தியாவிற் பிறந்த சௌரிராஜன், மற்றவர் லோப். மின்மோட்டார் தரும் அழுத்தத்தால் நீர் சவ்வின் வழியே பிதுங்கும். உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பின்தங்கும். புளோரைடும் நைட்ரேட்டும் பெரும்பகுதி குறையும்.

ஆர்.ஓ. வாங்குமுன்

இவ்வளவு வல்லமைக்கும் விலை உண்டு. வீடுகளில் வைக்கும் சாதாரண ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகிறது. 40 பேர் வேலை செய்யும் நெசவுக்கூடத்தில் ஆளுக்கு 3 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 120 லிட்டர் குடிநீர் வேண்டும் என்று கொள்வோம். லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவாயின் நாளொன்றுக்கு 360 லிட்டர். 300 வேலை நாட்களில் 1,08,000 லிட்டர். குடத்திற்காகக் காத்திருக்கும் ஊரில் இது சிறிய கணக்கன்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல், கரைந்த திடப்பொருள் 500க்குக் குறைந்த நீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடைசெய்யும் விதிகளை வகுக்குமாறு ஆணையிட்டதன் காரணமும் இத்தகைய வீண் செலவே.

ஆகவே ஆற்று நீர் குழாயில் வரும் இடத்தில், சோதனையில் உப்பு அளவுக்குட்பட்டிருந்தால், யு.எஃப். அல்லது யு.வி. போதும். உவர்ப்பும் புளோரைடும் மிகுந்த ஆழ்துளை நீரே கதி என்றால் ஆர்.ஓ. வாங்குக; குறைந்த கழிவு தரும் கருவியைத் தேர்க. கழிவு நீரைத் தளம் கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். மல்லிகைப் பாத்திக்குத் தொடர்ந்து பாய்ச்சுதல் கூடாது. மூல நீரைக் காட்டிலும் அதில் உப்பு செறிந்திருக்கும். வடிகால் குறைந்த கரிசல் மண்ணில் அது தங்கி வேரைக் கெடுக்கும்.

கூலரைத் தேர்ந்தெடுத்தல்

கூலரின் மேல் 20/20, 40/40, 40/80 என்று எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். முன்னெண் ஒரு மணி நேரத்தில் குளிர்விக்கும் லிட்டர். பின்னெண் தொட்டியில் தங்கும் லிட்டர். மேற்கூறிய நெசவுக்கூடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 120 லிட்டர் என்றால் மணிக்குச் சராசரி 15 லிட்டரே. ஆனால் உச்சிவேளையில் 40 பேரும் ஒருங்கே வந்து அரை லிட்டர் குடித்தால் 20 லிட்டர் உடனே வேண்டும். ஆகவே சேமிப்பு 40 லிட்டர் இருத்தல் நன்று. சித்திரை வைகாசியில் மேல்தொட்டி நீரே சூடேறி வருவதால் குளிர்விக்கும் வேகம் குறையும். எனவே 40/40 அளவுடையது பொருந்தும். தொட்டிக்குக் கீற்று நிழல் அமைத்தல் மின்செலவையும் குறைக்கும்.

வடிகட்டியின் வேகம் கூலரின் வேகத்துக்கு ஈடாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வீட்டு ஆர்.ஓ. கருவி மணிக்கு ஏறத்தாழ 15 லிட்டரே தரும். பெரிய கூலருக்குச் சிறு வடிகட்டியை இணைத்தால், நண்பகலில் குழாயைத் திறந்தவர் வெறுங்கையுடன் திரும்புவார். இடையில் மூடியுள்ள சேமிப்புத் தொட்டி ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

120 லிட்டரை 35 பாகையிலிருந்து 15 பாகைக்குக் குளிர்விக்க 2,400 கிலோ கலோரி வெப்பத்தை நீக்க வேண்டும். இது ஏறத்தாழ 2.8 யூனிட்டுக்குச் சமம். கம்ப்ரெஸர் வெப்பத்தை உண்டாக்காமல் வெளியே இறைப்பதால் இதனினும் குறைந்த மின்சாரமே அதற்குச் செலவாகும். பல்லைக் கூசச் செய்யும் குளிர் வேண்டா. அதற்குக் கட்டணமும் மிகுதி.

தொட்டி துருவேறா எஃகாலானதா, அடியில் கழிவுத் திருகு உண்டா, பழுதுபார்ப்பவர் அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ இருக்கிறாரா என்று கேட்டு எழுத்தில் பெறுக. பழைய பெட்டியை மலிவாக வாங்குவோர் ஈயப் பற்றவைப்பு உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். ஈயம் பூசிய தொட்டியுள்ள கூலர்களை அமெரிக்கா 1988இல் ஒரு சட்டத்தால் விலக்கியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

வைக்கும் இடமும் பராமரிப்பும்

கூலரின் பின்புறம் காற்றோட்டம் வேண்டும். தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசி அதன் வெப்பம் நீக்கும் தகடுகளில் அடைந்தால் கம்ப்ரெஸர் வெந்து கெடும். ஆகவே தறிகளுக்குத் தொலைவாக நிழலில் வைத்து, மாதம் இருமுறை தூசி துடைக்க வேண்டும். ஈரக் கையால் தொடும் கருவியாகையால் எர்த் இணைப்பு இன்றியமையாதது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை. அதன் பெருக்கத்தை மந்தப்படுத்துவதே. குளோரின் நீங்கிய நீர் நாட்கணக்கில் தேங்கினால் கிருமி பெருகும். எனவே மாதமொரு முறை தொட்டியை வடித்துக் கழுவி, அந்நாளைக் கதவில் ஒட்டிய தாளில் எழுதிக் கையொப்பமிடுக.

சிறு சங்கங்களுக்கு மண்பானையே போதும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. நம் வறண்ட கோடைக் காற்றில் இது நன்கு நடைபெறும். பானைக்கு மூடியும் குழாயும் இருந்து, கையை உள்ளே விடாமல் நீர் எடுத்தால் குறையொன்றுமில்லை.

கூரைமேல் பெய்யும் நீர்

நம் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் பெய்வதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் 64,000 லிட்டர். மேற்கூறிய 40 பேர்க்கும் 300 நாட்களுக்கு வேண்டிய குடிநீர் 36,000 லிட்டரே. மழைநீரில் உப்பு மிகக் குறைவாகையால் ஆர்.ஓ. தேவையில்லை, முதல் மழையைக் கழித்துவிட்டு, வெயில் புகாத தொட்டியில் சேர்த்து, யு.எஃப். அல்லது கேண்டிலில் வடித்துக் குடிக்கலாம். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. ஐப்பசிக்கு முன் கூரையும் வாய்க்காலும் செப்பனிடப்பட வேண்டும்.

ஆகவே சங்க நிர்வாகக் குழுவினர் விலைப்புள்ளி கேட்குமுன் சோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்க. விலையோடு ஐந்தாண்டு மாற்றுப்பொருள், மின்சாரம், வீணாகும் நீர் மூன்றையும் கூட்டி, ஒரு லிட்டருக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பொதுக்குழுவில் வைக்க. அறிக்கையையும் கணக்கையும் அங்கத்தினர் கேட்டுப் பார்க்க உரிமையுண்டு. அவர்கள் அவ்வாறு கேட்பதே சங்கப் பணத்திற்கும் தம் குழந்தைகளின் நலத்திற்கும் காவலாகும்.