வறண்ட நாட்டில் புயல்மழை: ஆரணியாறும் ராயலசீமையும்

ஆந்திர மாநிலத்தின் தென்மேற்கில் பரந்து கிடக்கும் ராயலசீமை, இந்தியாவில் மிகக் குறைந்த மழை பெறும் நிலப்பகுதிகளுள் ஒன்றாகும். அதன் மேற்குக் கோடியிலுள்ள அனந்தபூர், ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்கு அடுத்தபடியாக மழை அருகிய மாவட்டம் என்று பாடநூல்களில் நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டு வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலேயே கொட்டிவிடுவதாலும், வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமேகங்களைச் சேஷாசலம், வெலிகொண்டா போன்ற மலைவரிசைகள் கிழக்கு விளிம்பிலேயே தடுத்துவிடுவதாலும், இரண்டு பருவங்களிலும் மிச்சத்தை மட்டுமே பெறுவது இந்நிலத்தின் இயல்பாயிற்று. அந்தக் கிழக்கு விளிம்பில், இன்றைய திருப்பதி மாவட்டத்தில், தமிழும் தெலுங்கும் ஒருசேர வழங்கும் எல்லைப்புற ஊராகிய பிச்சாட்டூர் அமைந்திருக்கிறது. மேற்கே வறட்சியும் கிழக்கே கடலோரச் செழிப்புமாக இருவேறு நாடுகளுக்கு நடுவே நிற்கும் இவ்வூரில், ஓர் ஆண்டின் விளைச்சல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில நாள் மழையைப் பொறுத்தே அமைகிறது. அந்தச் சில நாள் மழையும் பெரும்பாலும் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் கொண்டுவருவதேயாகும்.

சித்தூர்ப் பகுதிக் குன்றுகளில் தோன்றும் ஆரணியாறு பிச்சாட்டூரில் தேக்கப்படுகிறது. ஏரி என்றே தமிழ்நாட்டுப் பக்கத்தில் வழங்கப்படும் அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 1.85 டி.எம்.சி. ஆகும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர். அங்கிருந்து நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டைக்கு வந்து திருவள்ளூர் மாவட்டத்தில் நுழையும் ஆறு, பெரியபாளையம், பொன்னேரி ஆகிய ஊர்களைக் கடந்து பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. ஆற்றின் நீளத்தில் ஏறத்தாழ பாதி ஆந்திரத்திலும் பாதி தமிழ்நாட்டிலும் அமைந்திருப்பதால், மேலே குன்றுகளில் பெய்யும் மழை ஒரு மாநிலத்தினுடையதாகவும் கீழே கரையை உடைக்கும் வெள்ளம் இன்னொரு மாநிலத்தினுடையதாகவும் ஆகிவிடுகிறது.

ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இந்த ஆறு, புயல்கள் வரும்போது முற்றிலும் வேறொரு தோற்றம் கொள்கிறது. 2020 நவம்பரில் மரக்காணம் அருகே கரையைக் கடந்த நிவர் புயலும், 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கடந்த மாண்டஸ் புயலும், 2023 டிசம்பரில் சென்னைக்கு அருகே கடலில் மெல்ல நகர்ந்து பின்னர் பாபட்லா அருகே கரையேறிய மிக்ஜாம் புயலும் இப்பகுதிக் குன்றுகளில் பெருமழையைத் தந்தன. ஒவ்வொரு முறையும் பிச்சாட்டூரிலிருந்து உபரி நீர் திறக்கப்பட்டு, ஆரணியாற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை விடப்பட்டது. எனினும் அண்மைக் காலத்தில் ராயலசீமையை மிகக் கடுமையாகத் தாக்கியது பெயர் பெற்ற புயல் எதுவுமன்று; 2021 நவம்பரில் வந்த, பெயரே சூட்டப்படாத ஒரு தாழ்வு மண்டலமே அந்த அழிவைச் செய்தது. இந்த முரணைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

இந்திய வானிலை ஆய்வு மையம் கடலில் உருவாகும் சுழல்களைக் காற்றின் வேகத்தைக் கொண்டே வகைப்படுத்துகிறது. காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை வீசினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை எனில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரை எட்டிய பிறகே அது புயல் எனப்படுகிறது, அப்போதுதான் பெயரும் சூட்டப்படுகிறது. படகுக்கும் மின்கம்பத்துக்கும் கூரைக்கும் காற்றே எமன் என்பதால் கடலோரத்துக்கு இந்த அளவுகோல் பொருத்தமானது. ஆனால் ஒரு சுழல் எவ்வளவு மழை தரும் என்பது அதன் காற்றின் வேகத்தைப் பொறுத்ததன்று. அது எவ்வளவு ஈரத்தைத் தாங்கி வருகிறது, எவ்வளவு மெதுவாக நகர்கிறது, வழியில் மலை குறுக்கிடுகிறதா என்பவையே மழையைத் தீர்மானிக்கின்றன. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, அதிலுள்ள நீராவி மழையாகிக் கொட்டிவிடும். சேஷாசல மலையும் நகரிக் குன்றுகளும் அவ்வாறு கடலை நோக்கி நிற்பவையே.

2021 நவம்பர் 11 அன்று ஒரு தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடந்து, நிலத்தை ஏற்கெனவே நனைத்து வைத்திருந்தது. ஏரிகள் நிரம்பியிருந்தன, வட மாவட்டத்து மக்கள் சொல்வதுபோல் பல ஏரிகள் கோடி போய்க்கொண்டிருந்தன, அதாவது கொள்ளளவுக்கு மேற்பட்ட நீர் கலங்கல் வழியாக வழிந்தோடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் நவம்பர் 18 அன்று அடுத்த தாழ்வு மண்டலம் நெருங்கி, 19ஆம் தேதி அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. திருப்பதி நகரத் தெருக்கள் ஓடைகளாயின. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகளில் பாறைகள் உருண்டன. ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சிதைந்து பல மாதங்கள் மூடப்பட்டது. ஸ்வர்ணமுகி ஆறு கரைபுரண்டது. அப்போது கடப்பை மாவட்டத்தில் இருந்த ராஜம்பேட்டைப் பகுதியில், செய்யேறு ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அன்னமய்யா அணையின் மண்கரை, மேலேயுள்ள பிஞ்சா அணையின் கரை உடைந்து வந்த வெள்ளத்தையும் தாங்க இயலாமல், 19ஆம் தேதி விடியற்காலையில் அறுந்தது. கார்த்திகைப் பௌர்ணமி நாளான அன்று, ஆற்றங்கரை ஊர்களான புலபத்தூர், மண்டபள்ளி, தொகுருப்பேட்டை ஆகியவற்றில் உறங்கி எழுவதற்குள் வெள்ளம் புகுந்தது. பலர் உயிரிழந்தனர், வீடுகளும் கால்நடைகளும் அடித்துச் செல்லப்பட்டன, வயல்களின் மேல் மணல் படிந்தது. குடிநீருக்கே தண்ணீர் லாரிகளை எதிர்பார்த்துப் பழகிய ஒரு வட்டாரத்தில் நீரால் இப்படி ஒரு சாவு நேர்ந்தது என்பது எளிதில் ஆறும் துயரமன்று.

இரண்டு நாள் கழித்துத் திருப்பதிக்கு அருகிலுள்ள ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு காணப்பட்டது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்லப்படும் அந்தப் பேரேரி உடைந்தால் கீழேயுள்ள ஊர்கள் அழிந்துவிடும் என்பதால் மக்கள் வெளியேற்றப்பட்டு, மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டுக் கரை காப்பாற்றப்பட்டது. அதே நாட்களில் திருப்பதியின் ஒரு குடியிருப்பில் நிகழ்ந்த வேறொன்று, மண்ணுக்குள் நீர் எவ்வளவு ஏறியிருந்தது என்பதை அளவுமானி இல்லாமலேயே காட்டியது. சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி நிலத்துக்கடியில் கட்டப்பட்ட குடிநீர்த் தொட்டி ஒன்று, அதைக் கழுவுவதற்காக உள்ளே இருந்த நீரை இறைத்து வெளியேற்றியபோது, பல அடி உயரத்துக்குத் தரைக்கு மேல் எழுந்து நின்றது. சுற்றியிருந்த மண் நீரால் நிறைந்து சேறாகிவிட்டதால், வெறுங்குடம் குளத்தில் மிதப்பதுபோல, காலியான தொட்டியை நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளிவிட்டது. உள்ளே கழுவிக்கொண்டிருந்த பெண் சிறு காயங்களுடன் தப்பினார்.

வறண்ட நிலம் தாகத்தோடு இருப்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. ராயலசீமையின் செம்மண் பல இடங்களில் மெல்லிய போர்வையாகவே கிடக்கிறது, அதற்கடியில் கடும்பாறை. காய்ந்து இறுகிய மேல்மண்ணில் கனமழைத் துளிகள் மோதும்போது நுண்ணிய வண்டல் துளைகளை அடைத்து ஒருவிதப் பொருக்கு உண்டாகிறது. செடிகொடி குறைந்த சரிவில் நீரைத் தடுத்து நிறுத்தவும் ஏதுமில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 200 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20 கோடி லிட்டர் நீர் சேர்கிறது. மலையடிவாரத்தில் அது சில மணி நேரத்தில் ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் வந்துவிடுகிறது.

இத்தகைய நாட்டுக்கென முன்னோர் கண்ட வழிதான் ஏரிச்சங்கிலி. ஒரு ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்நீர் வரத்துக் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும்; அது நிரம்பினால் அதற்கடுத்தது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இவ்வாறான ஏரிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எப்போதோ வரும் பெருமழையைப் பிடித்துவைத்து இரண்டு மூன்று ஆண்டு வறட்சியைத் தாண்டுவதற்கான ஏற்பாடு அது. ஆகவே புயல்மழையை விபத்தாகக் கொள்ளாமல் வாழ்வின் மூலதனமாகக் கொண்டு வகுக்கப்பட்ட அமைப்பு என்றே அதைச் சொல்ல வேண்டும். வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போன இடங்களில் சங்கிலி அறுகிறது: மேலேரி கரை உடையும் நிலையில் இருக்க, அடுத்த ஏரி பாதி காய்ந்தே கிடக்கும். 2021 மழையில் நிரம்பிய ஏரிகள் நிலத்தடி நீரை உயர்த்தி, வற்றிக் கிடந்த ஆழ்துளைக் கிணறுகளுக்கு உயிர் தந்தன என்பதும் அதே மழையின் இன்னொரு பக்கம்.

முழுப் பாலைவனங்களில் இந்த இருமுகத் தன்மை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அதே 2021 செப்டம்பர் 26 அன்று ஆந்திரத்தின் கலிங்கப்பட்டினம் அருகே கரையேறிய குலாப் புயல், வலுவிழந்து தக்காணத்தைக் கடந்து, அரபிக் கடலில் மீண்டும் வலுப்பெற்று ஷாஹீன் என்ற புதுப் பெயரோடு அக்டோபர் 3 அன்று ஓமானின் வடகரையைத் தாக்கியது. ஆண்டு முழுவதற்குமே சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெறும் அல் காபூரா பகுதியில் ஒரே நாளில் 350 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. வாடி எனப்படும் வறண்ட பாலைநில ஓடைகள் பெருநதிகளாயின. அதற்கு மூன்றாண்டு முன்பு, 2018 மே மாதம் சலாலா அருகே கரையைக் கடந்த மெகுனு புயல், ருப் அல் காலி என்னும் பெரும் மணற்பாலையில் மணற்குன்றுகளுக்கு நடுவே ஏரிகளையே உண்டாக்கியது. ஈரமணலில் முட்டையிட்ட பாலைவன வெட்டுக்கிளிகள், யாரும் கண்காணிக்க இயலாத அந்த வெளியில் தலைமுறை தலைமுறையாகப் பெருகி, ஏமன், ஈரான், கிழக்கு ஆப்பிரிக்கா, பாகிஸ்தான் வரை பரவின. 2019இலும் 2020இலும் ராஜஸ்தான் விவசாயிகளின் வயல்களை அவை மேய்ந்ததற்கு ஓமான் கரையில் பெய்த அந்த மழை ஒரு தொடக்கமாக இருந்தது.

ஆரணியாற்றுக்குத் திரும்பினால், அங்குள்ள சிக்கல் நேரக் கணக்கில்தான் இருக்கிறது. விநாடிக்கு 10,000 கன அடி நீர் வந்தால் ஒரு டி.எம்.சி. சேர ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். எனவே பிச்சாட்டூர் ஏரி வெறுமையாக இருந்தால் நிரம்ப இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும், முக்கால் பங்கு நிரம்பியிருந்தாலோ சுமார் 13 மணி நேரமே போதும். முன்கூட்டியே திறந்து இடம் ஒதுக்கினால், எதிர்பார்த்த மழை பொய்க்கும்போது அடுத்த கோடையில் பாசனத்துக்கு நீர் இராது. திறக்காமல் காத்திருந்தால், நள்ளிரவில் மதகுகளை ஒரேயடியாகத் தூக்க நேரும். வறண்ட நாட்டில் ஓர் அணைப் பொறியாளர் எடுக்கும் முடிவுகளில் இதைவிடக் கடினமானது வேறு இருக்க முடியாது. பிச்சாட்டூருக்கும் ஊத்துக்கோட்டைக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆற்றைக் கடக்கும் தரைப்பாலங்கள் மூழ்கும்போது இருகரை ஊர்களும் துண்டிக்கப்படுகின்றன. ஆகவே குன்றுகளில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, ஏரியில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்ற இரண்டு எண்களும், வந்திருப்பது புயலா தாழ்வு மண்டலமா என்ற கேள்விக்குக் காத்திராமல், மணிக்கு மணி எல்லையைத் தாண்டிப் பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் அவரவர் மொழியில் போய்ச் சேர வேண்டும்.