வேலி தாண்டும் எல்க்

மானுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா?

அமெரிக்காவின் யூட்டா மாநில மலைக்காடுகளில் எல்க் என்றொரு மான் உண்டு. உருவத்தில் நம்ம ஊர்க் கடமானுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. இலையுதிர்காலத்தில் வேட்டைக்கு அனுமதி கிடைத்ததுமே, அரசுக்குச் சொந்தமான பொதுநிலங்களில் துப்பாக்கியோடு கூட்டம் குவிந்துவிடும். எல்க் கூட்டம் என்ன செய்யும்? நைசாகத் தனியார் பண்ணை நிலத்துக்குள் போய்விடும்! அங்கே உரிமையாளரைக் கேட்காமல் வேட்டைக்காரர் கால் வைக்க முடியாதே.

பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மான்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். துப்பாக்கி வேட்டை பாதி நடந்திருக்கும்போதே, பொதுநிலத்தில் எல்க் நடமாட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வேட்டைக் காலம் முடிந்ததா, சில நாட்களிலேயே திரும்பி வந்துவிட்டன. கெட்டிக்கார மான்தான்!

பண்ணைக்காரருக்குத்தான் தலைவலி. மாட்டுக்கென்று விட்டுவைத்த புல்லை இவை மேய்ந்துவிடுகின்றனவே! அனுபவப்பட்ட வேட்டைக்காரர்களோ, வார இறுதியைத் தவிர்த்துவிட்டு, சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே நடந்து போய்ப் பார்க்கிறார்கள்.