ஓசி ஆயில்!

"காருக்கு வாங்கின சிந்தெடிக் சார், ஒசத்தி!" என்று மிச்சமிருந்த ஒரு லிட்டரை ஆபீஸ் நண்பர் தானம் செய்தார். ஓசி என்றால் விடுவேனா? என் 100 சிசி பைக்கில் ஊற்றினேன். சில நாளில், வடமதுரையிலிருந்து திண்டுக்கல் போகும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் என்ஜின் அலறுகிறது. வண்டி மாப்பிள்ளை ஊர்வலம் போகிறது!

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, கார் கிளட்ச் ஆயில் படாம தனியா இருக்கும். பைக் கிளட்ச் என்ஜின் ஆயில்லயே குளிக்குது. சில கார் ஆயில்ல வழுக்குறதுக்குன்னே மருந்து சேர்ப்பான். பிளேட் எப்படிப் பிடிக்கும்?"

பைக்குக்கு டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்ற ஜப்பான் முத்திரை வேண்டுமாம். சிந்தெடிக்கிலும் உண்டு, சாதாவிலும் உண்டு. சிந்தெடிக் சூட்டை அதிகம் தாங்கும், நாள்பட உழைக்கும், விலையும் கூட. ஆபீசுக்குப் போய்வரும் என் வண்டிக்கு, கிலோமீட்டர் பார்த்து மாற்றினால், சாதாவே தாராளம்.

நல்லவேளை, பிளேட் தப்பியது. வடித்த சிந்தெடிக்? வீட்டு கேட் கீலுக்கு விட்டேன். சத்தமே இல்லை!